ஒரேதன்மையார்

பல்செட்டுக்கு அளவெடுக்க வாய் கொள்ளாத அளவுக்கு இளஞ்சிவப்பு மாவை அப்பி, "கடிங்க. அப்படியே இருங்க. அசையக் கூடாது" என்று தாடையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவர் திரித்துவத்தைத் தொடங்குவார்: பிதா, மகன், பரிசுத்த ஆவி, மூவரும் ஒரே கடவுள். மாவு இறுகும் வரை எதிராளியால் பேச முடியாது. எச்சில் ஒழுகும், துடைத்துவிடுவார். கண்ணில் நீர் கோக்கும். அதை உருக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

"மகன் இல்லாத காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு அந்த ஆளு சொன்னான். நீங்க என்ன நினைக்கறீங்க?"

"ம்ம்ம்" என்றேன்.

"அதேதான். மகன் இல்லாதப்ப பிதாவை எப்படிப் பிதான்னு சொல்றது? கல்யாணமே ஆகாத ஆளை மாமனார்னு கூப்பிடற மாதிரி இல்ல?"

அந்த ஆள் ஆரியுஸ் என்ற பழங்காலப் பாதிரியார். செத்து ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. இவர் பேசுவதைக் கேட்டால், நேற்றுப் பல்செட் வாங்கிப்போய், கடிக்கவில்லை என்று இன்று காலையில் சண்டைக்கு வந்துவிட்டுப் போனவன் என்று தோன்றும். அவனுடைய கொள்கையை விசாரிக்க ஓர் ஏரிக்கரை ஊரில் சக்கரவர்த்தி சபை கூட்டினாராம். அங்கே ஒரு பிஷப் எழுந்துபோய் ஆரியுஸைக் கன்னத்தில் அறைந்தாராம். பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்வார். ஆனாலும் தொழில் புத்தி விடாது. "அறை விழுந்தது எந்தப் பக்கம்னு யாரும் எழுதி வைக்கல. கடைவாய்ப் பல்லு ஒண்ணாவது ஆடியிருக்கும்."

அவர் கடை ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருக்கிறது. மரப்படி. ஒரே அறை. சுவர் நெடுகப் பலகைகளில் பிளாஸ்டர் தாடைகள், மேலும் கீழும் கவ்வியபடி, விவாதத்தின் நடுவில் வாயடைத்துப் போனவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, ராவுவதற்கு ஒரு மோட்டார், ஜன்னலோரம் நோயாளி நாற்காலி. மனிதர் ஒல்லி. வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான்தான் மிச்சம். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. இரண்டையும் ஒரே சமயத்தில் தேடுவார்.

கோயிலுக்குத் தவறாமல் போவார். பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், இவர் மற்றவர்களின் வாயைப் பார்ப்பார். "எல்லாரும் வாயைத் திறக்கறது அப்ப மட்டும்தான். மேல் செட் லூசா இருந்தா 'ஸ்தோத்திரம்' சொல்லும்போது காட்டிக்கொடுத்துடும்." அவரிடம் பல் கட்டிய பெரியவர்கள் அவர் பக்கம் திரும்பாமலே பாடுவது வழக்கம்.

ஒரேதன்மையார் என்பது அவருக்குப் பாடகர் குழு வைத்த பெயர். மகன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று ஒரு கட்சி. ஒத்த தன்மையுடையவர், அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி. பழைய கிரேக்கத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசமாம். அந்த ஓர் எழுத்துக்காகப் பிஷப்புகளை நாடு கடத்தினார்கள், மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி கடத்தினார்கள். இந்த வரலாற்றைச் சொல்லும்போது அவர் குரலில் பொறாமை இருக்கும். "அந்தக் காலத்துல ரொட்டி வாங்கப் போனா ரொட்டிக் கடைக்காரன் இதைப் பத்திப் பேசுவானாம். அது ஊரு. இங்க கீழ பூட்டுக் கடைக்காரர்கிட்ட கேட்டேன், பிதாவும் மகனும் ஒரே தன்மையா, ஒத்த தன்மையான்னு. டூப்ளிகேட் சாவி வேணுமாங்கறாரு."

தெருவில் ஒருவரையும் விட்டுவைக்கமாட்டார். கடவுள் ஒரே ஆள்தான், சமயத்துக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார் என்று சொன்னவன் சபெல்லியுஸ். பூட்டுக் கடைக்காரர் கடையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், கோயிலில் ஒரு முகம் வைத்திருப்பதால் அவருக்கு 'சபெல்லியன்' என்று பெயர். அந்த மனிதர் ஒருநாள் என்னைப் படியடியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "சபெல்லியன்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். நல்லதுதான் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு நன்றாகத்தான் பழகுகிறார்.

நான் கோயில் பக்கம் போகிறவன் அல்ல. முன்வரிசையில் மூன்று பல் போனதால் அவர் கையில் மாட்டினேன். மூன்றையும் ஒரே தகட்டில் கட்டித் தருவதாகச் சொன்னார். வாயில் மாவு இல்லாத ஒரு நல்ல நேரத்தில், "மூணு பல்லு, ஒரே தகடு. இதையே உதாரணமா சொல்லலாமே" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப தகடு தனி, பல்லு தனி. மொத்தம் நாலு ஆயிடும். யோசிச்சுப் பேசுங்க."

உதாரணம்தான் அவருக்கு ஆகாத பொருள். ஓடு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் சேர்ந்து ஒரே முட்டை என்றால், "ஓடு மட்டும் முட்டையா?" என்பார். ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீசில் மேனேஜர், தன் அம்மாவுக்குப் பிள்ளை என்றால், "சபெல்லியுஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். இதற்குப் பயந்து, வருஷா வருஷம் திரித்துவ ஞாயிறு வந்தால் பழைய போதகர்களில் ஒருவர் லீவு போட்டுவிடுவாராம். இன்னொருவர் எழுதிவைத்ததை மூச்சுவிடாமல் வாசித்து, ஆமென் சொல்லும்போதே படியிறங்கிவிடுவாராம்.

இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவர் ஒரு மழலைப் பள்ளி ஆசிரியை. குழந்தைகளோடு பழகிய பொறுமை. மதியம் சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார். கணவர் நாற்காலியில் மாட்டியிருக்கும் ஆளைப் பார்த்து, "பாவம், விடுங்க. மாவு எப்பவோ இறுகிடுச்சு" என்பார். பல பேர் அந்த அம்மாளின் காலடிச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் அவர்தான்.

வினை அங்கிருந்துதான் வந்தது. ஞாயிறுபள்ளி ஆண்டு விழாவுக்கு அந்த அம்மாள் ஒரு சின்ன நாடகம் எழுதினார். நான் பார்க்கவில்லை, பூட்டுக் கடைக்காரர் தொடங்கிப் பாடகர் குழு வரை பலர் சொல்லிக் கேட்டதுதான். மேடையில் மூன்று பிள்ளைகள். அட்டைக் கிரீடம் வைத்த பிள்ளை பனிக்கட்டி. நீலப் பாவாடை கட்டிய பிள்ளை தண்ணீர். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு நின்ற குட்டிப்பெண் ஆவி. மூவரும் கைகோத்து, "நாங்க மூணு பேரும் ஒரே தண்ணி" என்றார்கள். கைதட்டல் கிளம்பியது. அதற்குள் நம்மவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க. ஒரே தண்ணி ஒரே நேரத்துல பனிக்கட்டியாவும் ஆவியாவும் இருக்காது. ஒண்ணு போய்த்தான் இன்னொண்ணு வரும். அப்ப மகன் சிலுவையில இருக்கும்போது பிதா எங்க போனாரு? உருகிட்டாரா? இது சபெல்லியுஸோட கள்ளப்போதனை. பிள்ளைங்களுக்கு இதையா சொல்லித் தர்றது?"

ஆவி அழ ஆரம்பித்தது. அழுத மூக்கில் பஞ்சு ஒட்டி, தும்மல் வந்து, தும்மலில் பஞ்சு பறந்தது. பனிக்கட்டி அம்மாவைத் தேடி மேடையை விட்டு ஓடியது. தண்ணீர் மட்டும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நின்றது. திரைக்குப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் மேடைக்கு வந்தார். ஆவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் நடந்ததை மறுநாள் கடையில் வைத்து அவரே என்னிடம் சொன்னார், நியாயம் தன் பக்கம் என்ற தெம்போடு.

"நான் உன்னைச் சொல்லல, போதனையைத்தான் சொன்னேன்னேன். 'போதனையை எழுதினது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?'ங்கறா. சரி, தண்ணியை விட்டுட்டு வேற ஏதாவது எழுதக்கூடாதான்னேன். 'தண்ணிக்கும் ஆவி, பரிசுத்தத்துக்கும் ஆவி. தமிழ்லயே ஒரே வார்த்தைதான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?'ங்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது தமிழ் பண்ண தப்புன்னேன்."

அதற்கப்புறம் அந்த அம்மாள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேரியர் வந்தது, மாடிக்கு வரவில்லை. பூட்டுக் கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாற்காலியில் மாட்டியவர்களைக் காப்பாற்ற ஆளில்லாமல் போயிற்று.

கோயில் கமிட்டி கொதித்தது. அழுத ஆவியின் தாத்தா கமிட்டியில் இருந்தார். இந்த ஆளைக் கோயிலுக்குள் வாய் திறக்கவிடக் கூடாது என்று தீர்மானம் போடத் துடித்தார்கள். புதிதாக வந்திருந்த போதகர் இளைஞர், நிறையப் படித்தவர், சிரித்த முகம். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி நேரே மாடிக்கு வந்துவிட்டார். அப்போது நான் நாற்காலியில், வாயில் மெழுகுக் கட்டையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பேச முடியாத சாட்சியைவிட நல்ல சாட்சி கிடையாது.

"திரித்துவ ஞாயிறு வருதுங்க ஐயா" என்றார் போதகர். "இந்த வருஷம் பிரசங்கம் நீங்க பண்ணணும்."

அவர் அடுப்பைத் தணித்தார். "நானா?"

"நீங்கதான். ஒரே ஒரு வேண்டுகோள். தப்பில்லாமச் சொல்லணும்."

"போன வருஷம் இருந்தவரு சூரியன், வெளிச்சம், சூடுன்னாரு பாஸ்டர். வெளிச்சம் சூரியன்லேருந்து வர்றதுதானே தவிர சூரியன் இல்லையே. உடனே ஆரியுஸ் உள்ள வந்துடறான்."

"அந்த உதாரணத்தை ஆரியுஸை எதிர்த்தவங்களே சொல்லியிருக்காங்க ஐயா. விளக்கு, விளக்கோட ஒளின்னு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் மெழுகைச் சுரண்டினார். "அவங்க சொல்லலாம். எந்த இடத்துல நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"உங்களுக்கும் தெரியுமே" என்றார் போதகர். "அதனாலதான் கேக்கறேன்."

படியிறங்கும்போது போதகரின் முகத்தில் இருந்ததைப் பக்தி என்று என்னால் சொல்ல முடியாது.

அன்று முதல் கடையில் வேலை தலைகீழானது. பிரசங்கத்தைப் பிளாஸ்டர் தாடைகளுக்குச் சொல்லிப் பார்ப்பார். ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், "ம்ஹூம், இது மூணு கடவுள்னு ஆயிடும்" என்று தலையை ஆட்டுவார். கவனம் இங்கே இல்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்குக் கட்டிய மேல் செட்டைப் பாட்டு டீச்சருக்கும், பாட்டு டீச்சருடையதை டிரைவருக்கும் கொடுத்துவிட்டார். டிரைவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சின்ன வாயால் பெரிய மனிதர் பேசுவது விநோதமாக இருந்தது.

"என்னங்க இது, என் வாய் மாதிரியே இல்லையே."

"எல்லாம் ஒத்த தன்மைதான், போகப் போகப் பழகிடும்" என்றார் இவர், தலை நிமிராமல். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று உறைத்தது. டிரைவரின் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்றார். பல்லுக்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் கேரியர் பூட்டுக் கடைக்கு வருவதும் நின்றது. அந்த அம்மாள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று காரணம். அந்தத் தங்கை கடைத்தெருவில் வேக வேகமாக நடந்து போவதை நானே பார்த்தேன். ஞாயிறு வகுப்பையும் விட்டுவிட்டார். "கள்ளப்போதகிகிட்ட பிள்ளைங்கள விடாதீங்க பாஸ்டர்" என்று சொல்லி வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டாராம். வகுப்பில்லாத பிள்ளைகள் ஆராதனை நேரத்தில் பெஞ்சுக்கடியில் ஊர்ந்து விளையாடினார்கள்.

மழை பெய்த ஒரு பகலில் போனேன். அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. நான் வாங்கிப் போயிருந்த பன்னில் பாதியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். தெருவில் தண்ணீர் ஓடியது. யாரும் மாடிக்கு வரப்போவதில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "எந்தக் காலத்துச் சண்டை. ஒரே தன்மையா இருந்தா என்ன, ஒத்த தன்மையா இருந்தா என்ன? வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கிட்டுப் போற அளவுக்கு இதுல உங்களுக்கு என்ன இருக்கு?"

வழக்கமான இரக்கப் பார்வையை எதிர்பார்த்தேன். அவர் என் தகட்டை எடுத்து உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார்.

"எங்க அப்பா பஸ் கம்பெனியில செக்கரா இருந்தாரு. அவரு கையால என்னை ஒரு அடி அடிச்சதில்ல. நாற்காலியில உட்கார்ந்துக்குவாரு. எங்க அண்ணனைக் கூப்பிட்டு, அவன் கையில பெல்டைக் கொடுத்து, அடின்னுவாரு. மெதுவா அடிச்சா அவனுக்கும் விழும்னு தெரியும். அதனால ஓங்கி அடிப்பான். அடிச்சுக்கிட்டே அழுவான். அவரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாரு."

தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"அப்புறம் கோயில்ல சொன்னாங்க, கடவுள் உன் மேல அன்பு வச்சு, தன்னோட மகனை அனுப்பி சாக விட்டாருன்னு. எனக்கு உடனே அந்த நாற்காலிதான் தெரிஞ்சுது. கஷ்டமெல்லாம் மகனுக்கு, இவரு மேல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்காரு. இவரை எப்படிக் கும்பிடறது? ரொம்ப நாள் கும்பிடல. கண்ணை மூடிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்பதான் ஒருத்தர் சொன்னாரு, பிதாவும் மகனும் ஒரே தன்மை, அனுப்பினவரு வேற யாரோ இல்லன்னு. ஒத்த தன்மைன்னா என்ன? எங்க அண்ணனுக்கும் அப்பா ஜாடைதான். ஜாடை இருந்து என்ன பிரயோஜனம்? ஒரே தன்மைன்னாதான் நாற்காலி காலி. அவரே எழுந்து வந்துட்டாரு."

 மிச்சப் பன்னை அவர் பக்கம் நகர்த்தினேன். அதற்குள் அவர் முகம் சுருங்கியது.

"ஆனா இப்படிச் சொன்னாலும் தப்புதான். பிதாவே சிலுவையில செத்தாருன்னு ஆயிடும். அதுக்கும் ஒரு கள்ளப்போதனை இருக்கு."

"இது வீட்டுல தெரியுமா?"

"கல்யாணம் ஆன புதுசுல சொன்னேன். அப்புறம் பேசினதில்ல."

"ஞாயித்துக்கிழமை இதையே சொல்லிடுங்க" என்றேன்.

"தப்பு இருக்கே" என்றார்.

திரித்துவ ஞாயிறன்று நான் கோயிலுக்குப் போனேன். பக்தி ஒன்றும் இல்லை. என் பல் அவரிடம் இருந்தது; கமிட்டி அவரைத் தூக்கிப்போட்டு மிதித்தால் நான் எங்கே போய்க் கேட்பது? கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. கோயில் நிரம்பி வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்பது முகங்களிலேயே தெரிந்தது. ஆவியின் தாத்தா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பாட்டு ஒன்று முடிவதற்குள் அந்த அம்மாள் மெதுவாக வந்து எனக்கு முன் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் வீட்டம்மா வந்துட்டாங்க என்று பக்கத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள். அவர் டாக்டர் இல்லை, யாரும் திருத்தவில்லை.

நம்மவர் மேடையேறினார். கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் இருந்தது, இரவல் கோட்டு.

"பிரியமானவர்களே. கடவுள் ஒருவர். ஒருவர்னா, எண்ணிக்கையில ஒண்ணுன்னு நினைக்கக் கூடாது. அது தப்பு." நிறுத்தினார். "மூணு பேரா இருக்காரு. பேருன்னா ஆளுன்னு எடுத்துக்கக் கூடாது. மூணு ஆளுன்னா மூணு கடவுள் ஆயிடும். அதுவும் தப்பு." மறுபடி நிறுத்தினார். "பிதாவிடமிருந்து மகன் வந்தாரு. வந்தாருன்னா, முன்னாடி இல்லாம இருந்து அப்புறம் வந்தாருன்னு இல்ல. அதைச் சொன்னது ஆரியுஸ். அப்ப வந்தாருங்கற வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

முன்வரிசையில் ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு, இருமலாக மாறியது. போதகர் தன் நாற்காலியில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். மேடையில் ஒவ்வொரு வாக்கியமும் பாதி தூரம் போய், தன்னைத்தானே கையும் களவுமாகப் பிடித்து, திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் வாக்கியங்களும் தீர்ந்தன. நெற்றிக் கண்ணாடி மூக்குக் கண்ணாடியின் மேல் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கடைசி பெஞ்சுப் பக்கம் வந்ததும் பார்வை நின்றது.

"எங்க அப்பா..." என்றார். குரல் உடைந்திருந்தது.

கோயில் முழுவதும் தலை குனிந்தது. ஜெபம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா என்று உடைந்த குரலில் கூப்பிட்டால் அங்கே வேறு அர்த்தம் கிடையாது. எங்கும் கண்கள் மூடின. "ஆமாம் அப்பா" என்று யாரோ உருகினார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மட்டும் குனியவில்லை. எந்த அப்பா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் மேடையையே பார்த்தார்.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு சொல்லும் வரவில்லை. ஆர்கன் வாசிக்கிறவர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? ஜெபம் முடிந்தது என்று முடிவுகட்டி, இறுதிப் பாட்டை ஓங்கி அடித்தார். சபை நன்றியோடு எழுந்து நின்றது. சீக்கிரம் விட்ட பள்ளிக்கூடத்தின் சந்தோஷத்தோடு பாடியது.

வாசலில் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு திரித்துவப் பிரசங்கம் கேட்டதில்லை என்றார்கள். சுருக்கம் என்றார்கள். அந்த மௌனம் இருக்கிறதே, அதில்தான் கர்த்தர் பேசினார் என்றார் ஆவியின் தாத்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு தப்பு இல்லையே ஐயா" என்று போதகர் அவர் தோளைத் தட்டினார். இவர் ஒவ்வொருவரிடமும், "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது தாழ்மை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாள் வந்தார்.

"நான் ஆரம்பிக்கவே இல்ல" என்றார் அவரிடமும்.

"தெரியும்."

"நான் சொல்ல வந்தது எந்த அப்பான்னு..."

"தெரியும்ங்க. எனக்குத் தெரியாதா? வாங்க, வீட்டுக்குப் போலாம். மூஞ்சியெல்லாம் வத்திப்போயிருக்கு. ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், கோட்டு யாருடையது என்று அந்த அம்மாள் கேட்பதும், அவர் ஏதோ சொல்வதும், "நீங்க போட்டா எல்லாமே இரவல் மாதிரிதான் இருக்கு" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வதும் காதில் விழுந்தது.

பிள்ளைகளின் வகுப்பு மறுபடி தொடங்கியது. "செட் ரெடி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்து வாங்கிக்குங்க, மாடி ஏற வேணாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். போனேன். வகுப்பறை ஜன்னலோரம் நின்று காத்திருந்தேன். மேஜை மேல் மின்சாரக் கெட்டில், ஒரு தட்டில் பனிக்கட்டி, ஒரு கண்ணாடி டம்ளர். பின்வரிசையில், பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் மோவாயைத் தொட அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆவியாக நடித்த குட்டிப்பெண். ஆளை நம்பாமல் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் ஒன்றையும் மாற்றவில்லை. பனிக்கட்டியைக் காட்டினார். டம்ளர் தண்ணீரைக் காட்டினார். கெட்டில் கொதித்து, மூக்கு வழியாக ஆவி புறப்பட்டது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள்.

"இப்ப சொல்லுங்க, இது மூணும் என்ன?"

"ஒரே தண்ணி" என்று வகுப்பு கத்தியது.

"ரொம்ப சரி." கெட்டிலை அணைத்துவிட்டு நிமிர்ந்தார். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?"

பின்வரிசையில் அவருடைய வலது கை மெல்ல எழுந்து தோள் உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.